பழைய ஹார்ட் டிஸ்கை அணைக்கும் முன் பார்க் செய்தே ஆக வேண்டுமா?

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கம்ப்யூட்டர் ஏதோ உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். பார்க் செய்வது என்றால், தட்டில் டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட்டை டேட்டா இல்லாத இடத்துக்கு ஒதுக்கி நிறுத்துவது. "எல்லா டிஸ்கும் தானாகவே பார்க் ஆகும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஹெட்டை நகர்த்துவது வாய்ஸ் காயில் (காந்தத்தால் அசையும் கம்பிச் சுருள்) என்றால் கவலையில்லை. கரண்ட் போனாலும், தட்டு சுற்றும் வேகத்தில் மோட்டாரே கொஞ்சம் மின்சாரம் தரும். அதை வைத்து ஹெட் ஒதுங்கிவிடும். சீகேட் எஸ்டி-225 மாதிரி ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) டிஸ்கில் அந்த வசதி கிடையாது. ஹெட் இருந்த இடத்திலேயே, டேட்டா மேலேயே உட்காரும். (பிற்கால ஸ்டெப்பர் டிஸ்குகள் சில தானாக ஒதுங்கும், தெரியும். அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம்.)

நான் வேலை பார்த்த இடத்தில் 20 எம்பி டிஸ்க் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்களை மாடிக்கு மாற்றினோம். என்னுடையதில் பார்க் என்று கட்டளை அடித்தேன். 'கிர்ர்' என்று ஹெட் உள்பக்கம் போய் நின்றது. அதன்பிறகு எந்தக் கீயையும் தொடக் கூடாது, நேரே ஸ்விட்சுதான். டிஸ்கைப் படிக்க ஏதாவது கட்டளை போனால் ஹெட் மறுபடி வெளியே வந்துவிடும். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துக்கொண்டே தன்னுடையதைச் சட்டென்று அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். மேலே போய்ப் போட்டதும் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்' என்று டிஸ்கைப் படிக்க முடியாத பிழைச் செய்தி. "ஏற்கெனவே கெட்டிருந்திருக்கும்" என்பீர்கள். இருக்கலாம். காலையில் ஓடியது என்பதுதான் எனக்குத் தெரியும்.

சும்மா மேஜையில் இருக்கிற டிஸ்க் ஒரு நாள் பார்க் செய்யாததால் செத்துவிடாது. நகர்த்தும்போதுதான் ஆபத்து. அந்தக் காலத்து பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) 'எல்-ஜோன்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஹெட் இறங்க வேண்டிய சிலிண்டர் (தட்டின் வட்டப் பாதை) எண் அதுதான்.

இதற்கு நேர்மாறான கூத்து பின்னால் வந்தது. லேப்டாப் டிஸ்குகள் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சும்மா சும்மா ஹெட்டைப் பார்க் செய்து எடுக்கும். 3 லட்சம் தடவை தாங்கும் என்று எழுதியிருக்கும். 30 விநாடிக்கு ஒரு தடவை என்றால் இடைவிடாமல் ஓடும் மெஷினில் மூன்றரை மாதம்தான் கணக்கு. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 193-ஆம் எண்ணைப் பாருங்கள், எத்தனை தடவை ஆயிற்று என்று தெரியும். லினக்ஸ் என்றால் எச்டிபார்ம் என்ற கட்டளையை வைத்து நிறுத்தலாம், எல்லா டிஸ்கும் கேட்காது. என் டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்தபோது சர்வீஸ் கவுண்டரில் "அது நார்மல் சார்" என்றார்கள். செத்த பிறகு வாரண்டியில் கொடுத்ததும் புதுசில்லை, யாரோ திருப்பிக் கொடுத்ததைச் சரிசெய்த டிஸ்க். லேபிளிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.