பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டீயையும் தயிரையும் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஓராண்டாகக் காலையில் பால் குடித்தால் வயிறு உப்பி, ஒரு மணி நேரத்துக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் நடந்த முகாமில் 6,500 ரூபாய் கட்டி ரத்தப் பரிசோதனை செய்தேன். பால், தயிர், மோர், நெய், உளுந்து, கத்தரிக்காய் என்று 31 பொருள்களைத் தொடக்கூடாது என அறிக்கை வந்தது. அவர்களே பாதாம் பால் பொடியும் குடலைச் சுத்தப்படுத்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். போன மாதம் வயிற்றுப்போக்கில் படுத்த என் 6 வயது மகனுக்கும் இனி வாழ்நாள் முழுக்கப் பால் கூடாது என்கிறார்கள். எலும்பு தேய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நாங்கள் என்னதான் குடிப்பது?

பதில்: முதலில் அந்த அறிக்கையை மூடி வையுங்கள். அதில் இருப்பது உங்கள் நோய் அல்ல, உங்கள் சாப்பாட்டுப் பட்டியல்.

நீங்கள் சொல்லும் விவரத்தைப் பார்த்தால் அவர்கள் அளந்தது ஐஜிஜி என்ற எதிர்பொருள். ஓர் உணவு அடிக்கடி உள்ளே வந்தால் உடல் அதற்கு ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளும். அந்த அடையாளத்தைத்தான் இந்தப் பரிசோதனை காட்டுகிறது. தினமும் இட்லி சாப்பிடுகிறவருக்கு உளுந்து சிவப்பில் வரும். வாரம் மூன்று நாள் கத்தரிக்காய்க் குழம்பு வைக்கிற வீட்டில் கத்தரிக்காய் சிவப்பில் வரும். இதை வைத்து உணவு விலக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லும், அமெரிக்க அமைப்பு 2010-லும், கனடா அமைப்பு 2012-லும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது நம் தெருமுனைக்குச் சாமியானா பந்தல் போட்டு வருகிறது. என்னிடம் வரும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இப்படிப்பட்ட 14 பக்க அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மூன்று மாதமாகச் சோறும் ரசமும் தவிர வேறெதுவும் சாப்பிடாமல் ஏழு கிலோ இளைத்திருந்தார். அவருக்கு இருந்தது சாதாரண வாயுத் தொல்லை.

இன்னொன்று. பால் செரியாமை என்பது ரத்தத்தில் எதிர்பொருளைத் தேடினால் கிடைக்கிற விஷயமே இல்லை. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதை வெட்டுவதற்குச் சிறுகுடலின் உட்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. வெட்டினால்தான் சர்க்கரை உடலில் சேரும். நொதி குறைந்தால் வெட்டப்படாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொள்கிறது. உப்பல், இரைச்சல், அவசரம் எல்லாம் அதனால்தான். குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது நடக்கும். உங்கள் கணக்கு அதோடு பொருந்துகிறது.

இதை நோய் என்று சொல்லவே எனக்கு மனம் வருவதில்லை. தாய்ப்பால் மறந்த பிறகு இந்த நொதி குறைவதுதான் மனித இனத்தில் பெரும்பாலோருக்கு இயல்பு. உலகில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இப்படித்தான். வட இந்தியரைவிடத் தென்னிந்தியரிடம் இது அதிகம். உங்கள் குடலில் எதுவும் கெட்டுப்போகவில்லை. சுத்தம் செய்யவும் அங்கே எதுவும் இல்லை. அந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள்.

இனி உங்கள் கேள்வி. செரியாமை என்பது அளவைப் பொறுத்தது. 100 மில்லி பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் உண்டு. நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட், ஆரஞ்சுப் பாக்கெட் எதுவானாலும் இதுதான். மாறுவது முக்கியமாகக் கொழுப்புதான். நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்தால், பெரிய தொல்லையின்றித் தாங்குவார்கள். கடையில் கண்ணாடி டம்ளரில் தரும் டீயில் பால் 50, 60 மில்லிதான் இருக்கும். அதாவது 3 கிராம். நீங்கள் டீயை விட வேண்டிய அவசியமே இல்லை. வெறும் வயிற்றில் குடிக்காமல், இரண்டு இட்லிக்குப் பிறகு குடியுங்கள்.

தொல்லை வேறு இடத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர் பால், 250 மில்லி என்றால், அதுவே 12 கிராமைத் தாண்டுகிறது. நீங்கள் வேலை செய்வது மின்ட் தெருவில். மாலையில் அங்கே அகன்ற இரும்புச் சட்டியில் ஏடு கட்டக் கட்டப் பாலைக் காய்ச்சுகிறார்களே, அந்தப் பால் சுண்டச் சுண்ட லாக்டோஸ் குறைவதில்லை, திரள்கிறது. ரப்ரி, பால்கோவா, சுண்டிய மசாலா பால் ஆகியவை அளவில் சிறியவை, சுமையில் பெரியவை. இயந்திரத்திலிருந்து பிடித்துத் தரும் டீயிலும் லாக்டோஸ் உண்டு. அந்தப் பொடியில் பால் பவுடரும் சேர்ந்திருக்கும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதி எடை லாக்டோஸ்.

தயிரையும் மோரையும் விடச் சொன்னதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது. தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை ஏற்கெனவே தின்றுவிடுகின்றன. மிச்சத்தை வெட்டும் நொதியையும் அவையே கொண்டுவருகின்றன. வீட்டில் உறை ஊற்றி நன்றாகப் புளித்த தயிர் உங்களுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் எதையும்விட மேல். மோர் அதைவிட இலேசானது. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பனீரில் குறைவு, தண்ணீரோடு வடிந்துபோய்விடுகிறது.

இப்போது அந்தப் பாதாம் பொடி. டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி. இந்த வகை டப்பாக்களில் நான் அடிக்கடி பார்ப்பது: முதலில் சர்க்கரை, பிறகு பால் திடப்பொருள் அல்லது பால் பவுடர், அதன் பிறகுதான் பாதாம். ‘பால் அடங்கியது’ என்று தனியாக அச்சிட வேண்டும் என்பதும் விதி. அதை டப்பாவின் மடிப்பில், யாருக்கும் தெரியாத இடத்தில் போட்டிருப்பார்கள். பாலை விடச் சொல்லிவிட்டுப் பால் பவுடரையே உங்களுக்கு விற்றிருக்கிறார்கள் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பையில் அடைத்து எடைக்கு விற்றால் அந்த எழுத்தும் கிடையாது.

‘நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால், இது ஒன்றும் செய்யாது’ என்று கண்ணாடிப் புட்டியோடு வீடு தேடி வருபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஏ2 என்பது பாலின் புரதத்தில் உள்ள சிறு வேறுபாடு. லாக்டோஸ் அதிலும் சாதாரணப் பாலிலும் ஒரே அளவு. எருமைப் பாலிலும் அப்படியே. ஆட்டுப் பாலில் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஏ1, ஏ2 என்று உறையில் போடக்கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. ஒரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மக்களைக் குழப்பும் சொல் ஒன்றை உறையிலிருந்து எடுக்க ஒரு நாட்டால் முடியவில்லை. எங்களைப்போன்றவர்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாக இதை விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

மாற்று வேண்டும் என்றால் இரண்டைத்தான் சொல்வேன். ஒன்று, லாக்டோஸ் நீக்கிய பால். அமுல் போன்ற நிறுவனங்கள் சிறு அட்டைப் பெட்டியில் விற்கின்றன. உண்மையான பாலில் நொதியைச் சேர்த்துச் சர்க்கரையை முன்கூட்டியே வெட்டியது அது. புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும், கொஞ்சம் இனிக்கும். விலைதான் கூடுதல். மற்றது சோயா பானம். புரதத்தில் பாலுக்கு அருகில் வருவது இது. கால்சியம் சேர்த்தது என்று உறையில் இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். கால்சியம் அடியில் படிந்துவிடும் என்பதால் குலுக்கி ஊற்றுங்கள். கொதிக்கும் டிகாஷனில் ஊற்றினால் திரியும், சற்று ஆறவிடுங்கள். கடையில் விற்கும் பாதாம் பானத்தில் பெரும்பகுதி தண்ணீர். தேங்காய்ப்பால் ஆப்பத்துக்கு நல்லது, எலும்புக்கு உதவாது.

எலும்பைப் பற்றிய பயத்துக்கு விடை உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்தது. 4 முதல் 6 வயது வரையான பிள்ளைக்கு 550. கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 250-க்குக் குறையாது. முருங்கைக்கீரை 100 கிராமில் 300 அளவுக்கு உண்டு. ஆடி மாதம் அம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழை நினைத்துப் பாருங்கள். புளித்த மாவு, மோர், சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. பால் செரியாதவருக்கென்றே யாரோ யோசித்து வைத்தது போன்ற உணவு அது. அதை ஆடிக்கு மட்டும் ஏன் வைத்திருக்கிறோம்? காசிமேட்டில் நெத்திலி வாங்குங்கள். வஞ்சிரம் துண்டில் நமக்குக் கிடைப்பது சதை மட்டுமே. கால்சியம் எலும்பில் இருக்கிறது, நெத்திலியை முள்ளோடு மெல்லுகிறோம். எள்ளுருண்டையும் நல்லது. பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் உள்ள கால்சியத்தைக் கீரையே பிடித்துவைத்துக்கொள்ளும்.

உங்கள் மகன் கதை வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது.

குடலின் உட்சுவரில் கம்பளத்தின் நூலிழைகளைப் போல நுண்ணிய உறிஞ்சிகள் இருக்கின்றன. லாக்டேஸ் நொதி இருப்பது அந்த இழைகளின் நுனியில். வயிற்றுப்போக்குக் கிருமி வரும்போது முதலில் உதிர்வது நுனி, கடைசியில் திரும்ப வளர்வதும் நுனி. அதனால் காய்ச்சலும் போக்கும் நின்ற பிறகும் சில வாரங்களுக்குச் சில பிள்ளைகளுக்குப் பால் செரியாது. இது தற்காலிகம். இழை வளர்ந்ததும் நொதி வந்துவிடும். இதற்கு ‘வாழ்நாள் முழுக்க’ என்று சொல்ல எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. வாழ்நாள் முழுக்க என்றால்தான் டப்பா மாதாமாதம் விற்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வருவதும் இல்லை. வயிற்றுப்போக்கு வந்தவுடனே பாலை நிறுத்துவது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம். சில கிளினிக்குகளிலும் இன்று அதைத்தான் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நேர்மாறு. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், 14 நாள் வரை துத்தநாக மாத்திரை கொடுங்கள், வழக்கமான உணவை நிறுத்தாதீர்கள். கைக்குழந்தையாக இருந்தால் தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலில் மாட்டுப் பாலைவிட லாக்டோஸ் அதிகம் என்று சொல்லி நிறுத்தச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். போக்கு இரண்டு வாரத்தைத் தாண்டி நீண்டால் மட்டுமே பாலைக் குறைத்து, தயிர் கலந்த உணவுக்கு மாறுவது உண்டு. அப்போதும் மருத்துவர் கண்பார்வையில்.

உங்கள் மகனுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்று இரவே தயிர்ச் சோறு பிசைந்து கொடுங்கள். நான்கைந்து நாள் கழித்து அரை டம்ளர் பாலைச் சிற்றுண்டியோடு கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் முழு டம்ளர். பால் பட்டதும் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் அது பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். செரியாமை, ஒவ்வாமை இரண்டையும் ‘அலர்ஜி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயிரும் கூடாது, லாக்டோஸ் நீக்கிய பாலும் கூடாது.

உங்களுக்குப் பரிசோதனை வேண்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு வாரம் பால், பால் இனிப்பு, ஐஸ்கிரீம் வேண்டாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் 250 மில்லி பால் குடித்து நான்கு மணி நேரம் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த ஞாயிறு லாக்டோஸ் நீக்கிய பாலில் அதையே செய்யுங்கள். இரண்டிலும் ஒரே தொல்லை என்றால் குற்றவாளி லாக்டோஸ் அல்ல. மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் முறையான பரிசோதனை ஒன்றும் இருக்கிறது. ஊசி கிடையாது, லாக்டோஸ் கரைசலைக் குடித்துவிட்டு ஒரு கருவியில் அவ்வப்போது ஊதினால் போதும். ஆனால் தெருமுனை முகாம்களில் அது வருவதில்லை. பயன் இல்லாத பரிசோதனை வாசல் வரை வருகிறது, பயனுள்ளதைத் தேடி நாம் அலைய வேண்டியிருக்கிறது. எடை குறைதல், மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தை எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுச் சோதனை வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்கு நடக்கும் தொலைவு. அங்கே குடல் இரைப்பைப் பிரிவில் காட்டுங்கள்.

அந்த டப்பாவையும் 6,500 ரூபாய் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரசீதில் யார் பெயர், எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். ரசீதே தரவில்லை என்றால் பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவு போதும். அதே ஆட்கள் அடுத்த வாரம் தண்டையார்பேட்டையில் பந்தல் போடுவதற்கு முன்னால் செய்யுங்கள்.