இறுதிச் சரக்கிருப்பை மதிப்பிடுவது எப்படி? மாணவர் கேள்விகளும் பதில்களும்

அடக்கவிலைக் கணக்கியல் பயிலும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில், சரக்கிருப்பு மதிப்பீட்டைப் பற்றியவற்றை இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். தொகைகளை வெறும் எண்களாகவே தந்திருக்கிறோம். அவற்றை எந்த நாணயமாகவும் கொள்ளலாம்.

கேள்வி: மாதத் தொடக்கத்தில் ஒரு பொருளின் 200 அலகுகள், அலகு 10 வீதம் இருப்பில் உள்ளன. 8ஆம் தேதி 300 அலகுகள் 12 வீதமும், 20ஆம் தேதி 250 அலகுகள் 14 வீதமும் வாங்கப்படுகின்றன. 12ஆம் தேதி 350 அலகுகளும் 27ஆம் தேதி 200 அலகுகளும் விற்கப்படுகின்றன. ஒவ்வொரு விற்பனையையும் அன்றன்றே பதியும் தொடர் இருப்பு முறையில், எடையிட்ட சராசரியைக் கொண்டு இறுதி இருப்பைக் காண வேண்டும். எனக்கு 2,426.67 வருகிறது, புத்தகத்தின் விடை 2,590. ஆனால் முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில் மட்டும் என் விடை சரியாக அமைகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: நீங்கள் மாதம் முழுவதற்குமான கொள்முதலையும் தொடக்க இருப்பையும் ஒன்றாகக் கூட்டி, 9,100ஐ 750ஆல் வகுத்து, 12.13 என்ற ஒரே சராசரியை எல்லா விற்பனைக்கும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். கால முடிவில் ஒரே முறை கணக்கிடும் காலமுறை இருப்புக்கு அது சரியான விடைதான். ஆனால் தொடர் இருப்பு முறையில், 12ஆம் தேதி வெளியே சென்ற சரக்கின் அடக்கவிலையில் 20ஆம் தேதி வந்து சேரப்போகும் சரக்கின் விலை கலந்திருக்க முடியாது. அன்றைய நாளில் கையில் இருந்தவை 500 அலகுகள், அவற்றின் அடக்கம் 5,600, சராசரி 11.20 என்பதே உண்மை. எனவே 350 அலகுகளின் அடக்கம் 3,920. மீதமுள்ள 150 அலகுகளின் மதிப்பு 1,680. அதனுடன் 20ஆம் தேதிக் கொள்முதலான 3,500 சேரும்போது 400 அலகுகளுக்கு 5,180 ஆகிப் புதிய சராசரி 12.95 கிடைக்கிறது. 27ஆம் தேதி விற்ற 200 அலகுகளின் அடக்கம் 2,590, எஞ்சிய 200 அலகுகளின் மதிப்பும் 2,590. புதிய சரக்கு உள்ளே வரும்போதுதான் சராசரி மாறுகிறது, சரக்கு வெளியே செல்லும்போது மாறுவதில்லை என்பதைப் பேரேட்டின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில் உங்கள் விடை சரியாக அமைந்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்த முறையில் கடைசியில் எஞ்சுபவை எப்போதும் கடைசியாக வந்த அலகுகளே. அன்றன்று கணக்கிட்டாலும் மாத முடிவில் கணக்கிட்டாலும் அவை மாறுவதில்லை. எஞ்சிய 200 அலகுகளும் 14 வீதம் 2,800 என்றே வரும். கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறையில் அப்படியல்ல. அன்றன்று பதிந்தால் 12ஆம் தேதி விற்பனை, அன்று கையில் இருந்தவற்றுள் புதியனவான 12 விலை அலகுகள் 300ஐயும் 10 விலை அலகுகள் 50ஐயும் எடுத்துக்கொள்கிறது. மாத முடிவில் எஞ்சுபவை 10 விலையில் 150, 14 விலையில் 50 என 2,200 ஆகின்றன. மாத முடிவில் ஒரேயடியாகக் கணக்கிட்டாலோ எஞ்சும் 200 அலகுகளும் தொடக்க இருப்பாகவே அமைந்து 2,000 ஆகிவிடும். ஆகவே, எந்த முறையைத் தொடங்குமுன்னும் கேள்வியில் தொடர் இருப்பு கேட்கப்பட்டிருக்கிறதா, காலமுறை இருப்பு கேட்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

இன்னொரு பிழையையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் விடைத்தாள்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். 10, 12, 14 ஆகிய மூன்று விலைகளைக் கூட்டி மூன்றால் வகுத்து 12 என்று எளிய சராசரி எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் விற்ற 550 அலகுகளின் அடக்கம் 6,600, எஞ்சிய 200இன் மதிப்பு 2,400, இரண்டும் சேர்ந்து 9,000. செலவானதோ 9,100. மீதி 100 எங்கும் இல்லை. எந்த முறையானாலும், விற்றதன் அடக்கமும் எஞ்சியதன் மதிப்பும் சேர்ந்து, தொடக்க இருப்பும் கொள்முதலும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வேண்டும். செலவழிந்த ஒரே தொகையை இந்தக் காலத்துக்கும் அடுத்த காலத்துக்கும் பங்கிடுவதே சரக்கிருப்பு மதிப்பீடு. பங்கீட்டில் தொகை கூடவோ குறையவோ வழியில்லை. விடையைப் புத்தகத்தோடு ஒப்பிடுமுன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

கேள்வி: கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறை தடை செய்யப்பட்டுவிட்டது என்று படித்தேன். பிறகு ஏன் இன்னும் பாடத்தில் இருக்கிறது?

பதில்: ஐ.ஏ.எஸ். 2 எனப்படும் பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2003இல் திருத்தப்பட்டபோது இந்த முறை நீக்கப்பட்டது. 2005 ஜனவரி 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தரநிலையைப் பின்பற்றும் நிறுவனங்கள் முதலில் வந்தது முதலில் செல்லும் முறையையோ எடையிட்ட சராசரியையோ பயன்படுத்த வேண்டும். ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள முடியாத பொருள்களுக்கு அந்தந்தப் பொருளின் சொந்த அடக்கத்தையே எடுக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கியல் விதிகளில், லிஃபோ என்றும் அழைக்கப்படும் இந்தக் கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறை இன்றும் அனுமதிக்கப்படுகிறது. அங்கே வரிக் கணக்குக்கு அதைப் பயன்படுத்தும் நிறுவனம் பங்குதாரர்களுக்குத் தரும் அறிக்கையிலும் அதையே பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் உண்டு.

தடையின் காரணத்தை முந்தைய கணக்கிலிருந்தே காணலாம். அலகு ஒன்றை 20 வீதம் விற்றதாகக் கொண்டால் 550 அலகுகளின் விற்பனை 11,000. தொடர் இருப்பு முறையில் மொத்த இலாபம், முதலில் வந்தது முதலில் செல்லும் முறைப்படி 4,700, எடையிட்ட சராசரிப்படி 4,490, லிஃபோப்படி 4,100. விலை ஏறும் காலத்தில் லிஃபோ இலாபத்தைக் குறைத்துக் காட்டுவதால் வரியும் குறைகிறது. ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும் சரக்கின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு பழைய விலையிலேயே தேங்கி, உண்மை நிலையிலிருந்து விலகிப் போகிறது. பிறிதொரு நாள் இருப்பை வெகுவாகக் குறைத்தால், அந்தப் பழைய விலைகள் ஒரே ஆண்டில் செலவாக வெளிப்பட்டு, வணிகம் சிறக்காமலேயே இலாபம் திடீரென்று உயர்ந்து தெரியும். இதைப் புரிந்துகொள்வதற்காகவாவது அந்த முறையைப் படித்தாக வேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: இறுதி இருப்பைத் தவறுதலாக 500 கூட்டிக் காட்டிவிட்டால் அது அடுத்த ஆண்டில் தானாகவே சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டு ஆண்டுகளின் கூட்டு இலாபம் சரியாகிவிடும், ஒவ்வோர் ஆண்டின் இலாபமும் தவறாகவே நிற்கும். இவ்வாண்டின் இறுதி இருப்பே அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு ஆதலால், இவ்வாண்டு இலாபம் 500 கூடியும் அடுத்த ஆண்டு இலாபம் 500 குறைந்தும் காட்டப்படும். இடையில் வரியும் பங்காதாயமும் தவறான இலாபத்தின் மேல் தீர்மானிக்கப்பட்டிருந்தால் அந்த விளைவு தானாகச் சரியாவதில்லை.

கேள்வி: அடக்கவிலை, நிகரத் தேறு மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததை எடுக்க வேண்டும் என்ற விதியை மொத்தச் சரக்குக்கும் சேர்த்துப் பார்ப்பதா, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகவா?

பதில்: தனித்தனியாகத்தான். ஒரே வகையைச் சேர்ந்த, ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடைய பொருள்களை மட்டும் ஒரு குழுவாகப் பார்க்கலாம். மூன்று பொருள்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதன் அடக்கம் 500, தேறு மதிப்பு 650. இரண்டாவதற்கு 800, 700. மூன்றாவதற்கு 400, 380. மொத்தமாகப் பார்த்தால் அடக்கம் 1,700, தேறு மதிப்பு 1,730; எனவே 1,700 என்று எழுதிவிடத் தோன்றும். தனித்தனியாகப் பார்த்தால் 500, 700, 380 சேர்ந்து 1,580. இன்னும் விற்காத முதல் பொருளில் கிடைக்கக்கூடிய இலாபத்தைக் கொண்டு, மற்ற இரண்டிலும் உறுதியாகிவிட்ட 120 நட்டத்தை மறைப்பதுதான் மொத்தமாகப் பார்க்கும் முறையில் நிகழ்கிறது. அதை அனுமதிக்கலாகாது.

தேறு மதிப்பு என்பது விற்பனை விலை அன்று என்பதையும் கவனியுங்கள். இரண்டாவது பொருளை 900க்கு விற்கலாம், ஆனால் அதை முழுமையாக்க 120, விற்க 80 செலவாகும் என்றால் தேறுவது 700. விற்பதற்கு ஏற்கெனவே உறுதியான ஒப்பந்தம் இருந்தால், அந்த ஒப்பந்த அளவுக்குரிய சரக்குக்கு ஒப்பந்த விலையையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். மூலப்பொருளின் சந்தை விலை விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதன் மதிப்பைக் குறைப்பதும் பிழை. அதிலிருந்து செய்யப்படும் பொருள் தன் அடக்கவிலைக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால் மூலப்பொருள் அடக்கவிலையிலேயே நிற்கும். ஒருமுறை குறைத்த மதிப்பு பிற்காலத்தில் மீண்டால் ஐ.ஏ.எஸ். 2இன்படி அதை உயர்த்த வேண்டும், ஆனால் முன்பு குறைத்த தொகையளவுக்குத்தான்.

கேள்வி: இறுதிநிலை அடக்க முறையிலும் முழு அடக்க முறையிலும் இலாபம் ஏன் வேறுபடுகிறது? எது உண்மையான இலாபம்?

பதில்: தொடக்க இருப்பு இல்லாத ஒரு நிறுவனம் 1,000 அலகுகளை உற்பத்தி செய்து 800 அலகுகளை 50 வீதம் விற்கிறது. மாறும் செலவு அலகுக்கு 30. உற்பத்தி அளவு மாறினாலும் மாறாத நிலையான உற்பத்தி மேற்செலவு மொத்தம் 10,000. இறுதிநிலை முறையில் அந்த 10,000 முழுவதும் இந்தக் காலத்தின் செலவாகவே போவதால், 800 அலகுகளின் பங்களிப்பான (விற்பனையில் மாறும் செலவு போக எஞ்சுவதான) 16,000இலிருந்து அதைக் கழித்தால் இலாபம் 6,000. முழு அடக்க முறையில் அலகுக்கு 10 வீதம் நிலையான செலவு ஏற்றப்பட்டு அடக்கம் 40 ஆகிறது, இலாபம் 8,000. வேறுபாடான 2,000 எங்கே இருக்கிறது என்றால், விற்காத 200 அலகுகளுக்குள் தலைக்கு 10 ஆக அடங்கி அடுத்த காலத்துக்குச் செல்கிறது. தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் உள்ள கணக்குகளில் அவ்விரண்டிலும் அடங்கிய நிலையான செலவின் வேறுபாட்டை எடுத்தால் போதும், இரு இலாபங்களையும் இணக்கிவிடலாம்.

இதில் மாணவர்கள் விட்டுவிடும் முக்கியமான படி ஒன்று உண்டு. நிலையான மேற்செலவை உண்மையான உற்பத்தியால் வகுப்பதா, இயல்பான உற்பத்தித் திறனால் வகுப்பதா? உற்பத்தி குறைந்த காலத்தில் இயல்பான திறனால்தான் வகுக்க வேண்டும் என்று ஐ.ஏ.எஸ். 2 கூறுகிறது. இந்த நிறுவனத்தின் இயல்பான திறன் 1,250 அலகுகள் என்றால் விகிதம் 8; உற்பத்தியான 1,000 அலகுகள் 8,000ஐ மட்டுமே ஏற்கின்றன; ஏற்கப்படாத 2,000 இந்தக் காலத்தின் செலவாகிவிடும். இறுதி இருப்பு 200 அலகுகள் 38 வீதம் 7,600. இலாபமும் தற்செயலாக அதே 7,600தான். வேலையின்றி நின்ற இயந்திரத்தின் செலவைச் சரக்கின் மதிப்பில் ஏற்றி அடுத்த ஆண்டுக்குத் தள்ளக் கூடாது என்பதே இந்த விதியின் கருத்து.

எது உண்மையான இலாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியாருக்கான நிதிநிலை அறிக்கைக்கு முழு அடக்க முறையே ஏற்கப்பட்டது. ஆயினும் அதே நிறுவனம், விற்பனை 800ஆகவே இருக்க, உற்பத்தியை மட்டும் 1,250ஆக உயர்த்தினால் முழு அடக்க முறையில் இலாபம் 9,600 ஆகிறது. ஒரு அலகுகூடக் கூடுதலாக விற்காமல், கிடங்கை நிரப்பியதாலேயே இலாபம் ஏறுகிறது. இறுதிநிலை முறையில் அது 6,000ஆகவே நிற்கும். எனவே உற்பத்தியையும் விலையையும் தீர்மானிக்கும் மேலாளருக்கு இறுதிநிலை முறையே நேர்மையான வழிகாட்டி என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: சிக்கன ஆணை அளவுக் கணக்கில் கிடங்குச் செலவு வருகிறது, அதே செலவைச் சரக்கின் அடக்கத்தில் சேர்த்தால் தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கேள்விகள். 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் வகுத்த சிக்கன ஆணை அளவு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு வாங்குவது என்ற முடிவுக்கானது. ஆண்டுத் தேவை 3,600, ஒருமுறை கொள்முதல் ஆணை இடும் செலவு 50, ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்க 4 என்றால் அளவு 300. அங்கே ஆணைச் செலவும் வைத்திருக்கும் செலவும் தலா 600 ஆகிச் சமமாகின்றன. மதிப்பீட்டிலோ, சரக்கைத் தற்போதைய இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவரத் தேவையான செலவுகள் மட்டுமே அடக்கத்தில் சேரும். முடிவுற்ற பொருளைக் கிடங்கில் வைத்திருப்பது அதை எந்த நிலைக்கும் கொண்டுவருவதில்லை. அடுத்த உற்பத்திக் கட்டத்துக்குமுன் பதப்பட வேண்டியதற்காக வைத்திருந்தால் மட்டும் அந்தச் செலவு அடக்கத்தில் சேரும்.

கேள்வி: செயல்முறைக் கணக்கில் இயல்பான இழப்புக்கு மதிப்பில்லை, அசாதாரண இழப்புக்கு மதிப்பு உண்டு. இரண்டும் வீணானவைதானே?

பதில்: வீணானவைதான்; ஆனால் முன்னது தவிர்க்க இயலாதது ஆகையால், நல்ல பொருளைப் பெறுவதற்கான செலவின் ஒரு பகுதி. 1,000 கிலோ உள்ளீட்டுக்கு மொத்தச் செலவு 19,000, இயல்பான இழப்பு 10 விழுக்காடு, கழிவு கிலோ 1 வீதம் விற்கும் என்று கொள்வோம். கழிவு விற்பனையான 100ஐக் கழித்த 18,900ஐ, எதிர்பார்த்த 900 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 21. உண்மையில் 870 கிலோதான் கிடைத்தது என்றால், குறைந்த 30 கிலோவும் நல்ல பொருளுக்குரிய அதே 21 வீதம் 630 என மதிப்பிடப்படும். அதன் கழிவு விற்பனையான 30 போக 600 இலாப நட்டக் கணக்குக்குச் செல்லும். உண்மையான 870 கிலோவால் வகுத்துவிட்டால் அந்தக் கவனக்குறைவின் விலை நல்ல பொருளின்மேல் ஏறி, விற்காத பகுதியோடு சேர்ந்து சரக்கிருப்பிலும் ஒளிந்துகொள்ளும். மாறாக 920 கிலோ கிடைத்தால், 20 கிலோ அசாதாரண ஆதாயமும் அதே 21 வீதம் 420 என மதிப்பிடப்படும். ஆனால் அந்த 20 கிலோ கழிவாக விற்கப்படாததால் இழந்த 20ஐக் கழித்து 400ஐயே இலாப நட்டக் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.