புறநானூறு 95: கேட்டதும் சொன்னதும்

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் ஔவை பாடியது புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

தகடூரை (இன்றைய தர்மபுரி) ஆண்ட அதியமானுக்காக, அரசன் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் காட்டிய ஆயுதக் கொட்டிலில் பாடியது என்பது கதை. கேட்கும்போது புகழ்ச்சி. வீடு போய்ச் சேர்ந்து யோசித்தால் இகழ்ச்சி. 'இவ்வே' என்று தொண்டைமானின் வேல்களைக் காட்டுகிறார்: பீலி (மயில்தோகை), மாலை, திருத்திய காம்பு, நெய்ப்பூச்சு, காவல் வேறு. 'அவ்வே' என்று அதியமானின் வேல்கள்: பகைவரைக் குத்தி முனை சிதைந்து, 'கொல்துறைக் குற்றில', கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. அறுவடைக்கு முன்னால் நம் பக்கத்துப் பட்டறையில் எட்டிப் பாருங்கள். பல் மழுங்கிய அரிவாள்தான் உலைக்குப் பக்கத்தில் கிடக்கும். வேலைக்கே போகாத அரிவாள் அங்கே வராது.

காரிமங்கலம்: தூது போன கதை பாட்டில் இல்லையே?

இல்லைதான். தொண்டைமான் பெயர் பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பில் மட்டுமே வருகிறது. ஆனாலும் 'இவை', 'அவை' என்று ஔவை சுட்டுகிற விதத்தைப் பாருங்கள். வேல்களுக்கு நடுவில் நின்று பாடியதாகவே எனக்குப் படுகிறது.

அதே வாசகர்: குறிப்பை நீக்கினால் கிண்டலும் போய்விடுமே?

போகாது. அதியமானை 'எம் கோமான்' என்கிறார். அப்படியானால் மாலை சூடிய வேல்கள் வேறொருவனுடையவை. கிண்டலுக்கு அதுவே போதும்.

அரூர்: ஆத்திசூடி ஔவைதானே இவர்?

இல்லை. அவர் பல நூற்றாண்டு பிந்தியவர். இன்றைக்கு மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: இருவரையும் கலக்காதீர்கள், பாட்டின் காலமே குழம்பிவிடும்.

ஓசூர்: நெல்லிக்கனி?

புறம் 91 படியுங்கள்.

பென்னாகரம்: கடைசியில் அதியமானும் தோற்றுப்போனாரே, அப்புறம் அந்த வேலுக்கு என்ன பெருமை?

இதற்காகத்தான் காத்திருந்தேன். சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றான், அதியமான் மாண்டான். 95-ஐ மட்டும் படித்து நிறுத்தாதீர்கள், அவன் இறந்தபின் ஔவை பாடிய 235-ஐயும் சேர்த்துப் படியுங்கள். 91-ல் 'மன்னுக பெரும' என்று, நிலைத்து வாழ்க என்று வாழ்த்திய அதே ஔவை, இங்கே அடிக்கு அடி 'மன்னே' என்கிறார்; அதெல்லாம் போயிற்றே என்று பொருள். கொஞ்சம் கள் கிடைத்தால் எமக்குத் தருவான், மன்னே! அப்புறம் வேல் திரும்பவும் வருகிறது. இந்த முறை அது அவன் மார்பில் பாய்ந்த வேல். அந்த வேல் அவனோடு நிற்கவில்லை. பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கையை ஊடுருவி, அவன் காத்தவர்களின் கண்ணொளியை மங்கவைத்து, புலவர் நாவில் போய் விழுந்தது என்கிறார் ஔவை.