தலையின்மேல் யாருடைய அதிகாரம்?

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் பெண்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு சகோதரர், 1 கொரிந்தியர் 11:10இல் நாம் 'முக்காடு' என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் 'எக்ஸூசியா', அதாவது அதிகாரம், என்றுதான் இருக்கிறது என்றார். அது புருஷனுடைய அதிகாரமாம்; முக்காடு அதற்கு அடையாளமாம். நான் சபையில் சத்தமாக ஜெபிப்பதையும் இதை வைத்தே சிலர் நிறுத்தப் பார்க்கிறார்கள். அவர் சொன்னது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பாதி சரி. மூலத்தில் முக்காடு இல்லை. 'ஸ்திரீ தலையின்மேல் அதிகாரம் உடையவளாயிருக்கவேண்டும்' என்றுதான் பவுல் எழுதுகிறார். இந்த வாக்கியம் ஆதியிலிருந்தே பலரைத் திணறடித்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் சபைப் பிதா இரனேயு எழுதிய நூலிலேயே இந்த வசனம் வரும்போது அதிகாரம் போய் முக்காடு வந்துவிட்டது.

ஆனால் 'புருஷனுடைய' என்பது அந்தச் சகோதரர் சேர்த்தது. 'செய்யலாம், தடையில்லை' என்று பொருள்படும் 'எக்ஸெஸ்தி'யோடு பிறந்தது எக்ஸூசியா. பலத்துக்கு 'துனாமிஸ்' என்று வேறு சொல் உண்டு, இது உரிமை. இதே நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தில், 'புசிக்கவும் குடிக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லையா?' என்று பவுல் கேட்பதும் இந்தச் சொல்லால்தான். அங்கே யாரும் அதை அடுத்தவர் அதிகாரம் என்று வாசிப்பதில்லையே!

ஒன்றின்மேல் அதிகாரம் உண்டு என்று கிரேக்கத்தில் சொன்னால், அந்த அதிகாரம் அதை உடையவருக்கே உரியது. வெளிப்படுத்தின விசேஷம் 11:6இல் இரண்டு சாட்சிகளுக்குத் தண்ணீர்கள்மேல் இருக்கும் அதிகாரமும் அப்படித்தான். பிறருக்குக் கீழ்ப்பட்டிருப்பதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. மத்தேயு 8:9இல் நூற்றுக்கு அதிபதி தன்னை அதிகாரத்துக்குக் 'கீழ்' உள்ளவன் என்கிறானே, அங்கே 'ஹுப்போ' என்ற சொல் தெளிவாக நிற்கிறது. கொரிந்தியரில் அது இல்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. புருஷனுடைய அதிகாரம் என்ற அந்தப் பழைய விளக்கத்தை வேத ஆராய்ச்சியாளர் வில்லியம் ராம்சே 1907இலேயே கேலி செய்தார். 1964இல் புதிய ஏற்பாட்டு அறிஞர் மோர்னா ஹூக்கர், அந்த முக்காடு பெண் ஜெபிக்கவும் தீர்க்கதரிசனம் சொல்லவும் தனக்குள்ள அதிகாரத்தின் அடையாளம் என்று எழுதினார். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

அதற்காகப் பவுலை இந்தக் காலத்துப் பெண்ணுரிமைப் பேச்சாளராக்கிவிட முடியாது. 3ஆம் வசனத்தில் ஸ்திரீக்குப் புருஷன் தலை என்றவரும் அவர்தான். தலையை மூடச் சொன்னவரும் அவர்தான். ஆனால் 10ஆம் வசனத்தை எழுதிய கையோடு, 'கர்த்தருக்குள் ஸ்திரீயில்லாமல் புருஷனுமில்லை' என்று தானே சமன் செய்கிறார். உங்கள் சகோதரர் அதையும் வாசித்துக் காட்டினாரா?

சத்தமாக ஜெபிப்பது பற்றி: 5ஆம் வசனம் பெண் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற காரியமாகவே எடுத்துக்கொண்டு, எப்படி என்று மட்டுமே பேசுகிறது. உங்கள் பாஸ்டரிடம் அங்கிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் அவர்கள், ஸ்திரீ உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் உத்தரவு கொடுக்கிறதில்லை என்ற 1 தீமோத்தேயு 2:12ஐ நீட்டுவார்கள். அங்கே 'அதிகாரஞ்செலுத்த' என்று இருப்பது எக்ஸூசியா அல்ல, 'அவுத்தென்தெயின்'. புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அதற்குத் தனிக் கடிதமே வேண்டும், எழுதுங்கள்.