ஏலகிரி, ஜவ்வாது மலைகளில் ஒருநாள் நடை: கேள்வி பதில்

வழிகாட்டியுடன் செல்லும் ஒருநாள் மலைநடை பற்றிப் பழைய வட ஆற்காட்டுப் பகுதி அன்பர்கள் கேட்டவற்றுக்கு, பல காலமாக நடைக்குழுக்களை அழைத்துச் செல்லும் உறுப்பினர் ஒருவர் தந்த விடைகள்.

கேள்வி (காட்பாடி, வங்கி ஊழியர்): எனக்கு வயது 52. நாள் முழுவதும் நாற்காலியில்தான் வேலை. ஏலகிரியின் சுவாமிமலை உச்சிக்குச் செல்ல விரும்புகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பயிற்சிக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகள் நமக்கு அருகிலேயே இருக்கின்றன. பலரும் படியேறிச் சென்று, களைத்துப்போய் ரோப் காரில் இறங்குகிறார்கள். மலைநடைக்குத் தயாராகிறவர் இதை மாற்றிச் செய்தாலும் தவறில்லை என்பேன். ஏற்றம் மூச்சை வாங்கும். ஆனால் தொடையின் முன்தசை, நீண்டபடியே உடல் எடையைத் தாங்கவேண்டிய இறக்கத்தில்தான் மறுநாள் நடக்கமுடியாத வலியும் முழங்கால் நோவும் பிறக்கின்றன. அந்தத் தசை ஒருமுறை இறக்கத்துக்குப் பழகிவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வலி குறைவாகச் செய்யும் என்பதால், பயணத்துக்கு ஓரிரு வாரம் முன்பாவது படிகளில் நிதானமாக இறங்கிப் பழகுங்கள். பயணத்துக்கு முந்தைய இரண்டு நாள் ஓய்வு கொள்ளுங்கள்.

கேள்வி (ஆற்காடு, ஆசிரியை): வழி தெரிந்த உறவினர் உடன் வருகிறார். அனுமதியும் வழிகாட்டியும் அவசியமா?

பதில்: அவசியம், அம்மா. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியோர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபின், தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் 40 வழித்தடங்களுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். கோடையில் காய்ந்த புல் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், தீத்தடுப்புக் காலத்தில் தடங்கள் மூடப்படும். உங்கள் உறவினருக்கு வழி தெரியலாம். ஆனால் இந்த வாரம் எந்தச் சரிவில் புகை தெரிந்தது, யானை நடமாட்டம் உண்டா என்பவை அங்கே தினமும் நடப்பவருக்கே தெரியும்.

கேள்வி (ஆம்பூர், தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்): எங்கள் ஊரில் இல்லாத காலணியா? எதை அணிவது?

பதில்: உங்கள் ஊர்த் தோல் ஷூ உலகெங்கும் போகிறது, ஐயா, ஆனால் வழவழப்பான அடிப்பகுதி கொண்ட எதுவும் பாறைக்கு ஆகாது. ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் அடிப்பகுதி வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குச் சென்று, விரல்நுனிக்கு முன்னே கட்டைவிரல் அகல இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்குமுன் கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னே சரியாது, நகமும் கறுக்காது. புதுக் காலணியை மலையில் முதன்முதலாக அணிய வேண்டாம். கிளம்பும் காலையில் பிரியாணியும் வேண்டாம்.

கேள்வி (குடியாத்தம், இல்லத்தரசி): தண்ணீரும் உணவும் எவ்வளவு?

பதில்: அரைநாள் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் காலமானால் மூன்று. வழியில் ஊற்று கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கலந்துகொண்டால் வியர்வையில் இழந்ததை ஈடுகட்டும். புளியோதரை கெடாது, கடலைமிட்டாய் பையில் எப்போதும் இருக்கட்டும்.

கேள்வி (வாணியம்பாடி, வியாபாரி): எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: 1892இல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கிலோமீட்டர், ஏற்றத்தில் 600 மீட்டருக்கு ஒரு மணி நேரம் கூடுதல். நம் வெயிலுக்கும் பாறைக்கும் அதில் பாதியை மேலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவுசெய்து, வழிகாட்டியிடமும் சொல்லிவிடுவது. மேலே போனபின் ஆசை குறுக்கிடும்.

கேள்வி (இராணிப்பேட்டை, கல்லூரி மாணவர்): பாம்பு கடித்தால்?

பதில்: கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்கி, 108ஐ அழையுங்கள். என் அனுபவத்தில் மலைத்தேனீயே பெரிய தொல்லை. வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் அதைக் கிளப்பும்.

கேள்வி (வாலாஜாப்பேட்டை, ஓய்வுபெற்றவர்): மலைக்குப் பழகியபின் கடற்கரை நடை எளிதாக இருக்குமா?

பதில்: மூச்சுக்கு எளிது, கணுக்காலுக்குக் கடினம். உலர்மணலைத் தவிர்த்து, அலை இறங்கிய ஈரமணலில் விடியற்காலையில் நடங்கள். நம் ஊரில் மணலாய்க் கிடக்கும் பாலாறு வாயலூர் அருகே கடலில் சேருகிறது. அதைப் போன்ற முகத்துவாரங்களை மழைக்குப் பின் நடந்து கடக்க முயல வேண்டாம், சாலைப் பாலத்தையே நாடுங்கள். கரை கடல்பக்கம் சாய்ந்திருப்பதால் ஒரே திசையில் நடக்க ஒரு காலுக்கே சுமை ஏறும். போன வழியே திரும்புவதாகத் திட்டமிட்டால் அந்தச் சுமை மறு காலுக்கு மாறிவிடும்.