சிலந்தியா, சின்ன வண்டா?

கேள்வி: எங்கள் குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறது. நேற்றுக் காலை என் கணவரின் கழுத்தில் கோடு கிழித்ததுபோலச் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். ஒரே எரிச்சல். “சிலந்திக் கடிதான், அக்கி எழுதிவிடலாம்” என்கிறார் மாமியார். 2 வயதுக் குழந்தை இருக்கிறது. வீடு முழுக்கப் பூச்சிமருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். தட்டையான பழுப்பு உடல், முகத்தில் மீசைபோல வெளிர்ந்த பட்டை, வலை பின்னாமல் சுவரோடு ஒட்டி நிற்பது... இப்படி இருந்தால் அது வேட்டைச் சிலந்தி. இரவில் கரப்பான் பிடிப்பதுதான் அதன் வேலை. வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை மாதிரி தெரிந்தால் அது முட்டைப் பை. கையில் சிக்கி நசுங்கினால் கடிக்கும்தான். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் வலியும் வீக்கமும் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். ஆனால் மூட்டைப்பூச்சி மாதிரி தூங்குகிறவரைத் தேடி வந்து கடிக்க அதற்குத் தேவையே இல்லை. உத்தரத்து மூலையில், தொட்டால் கிடுகிடுவென ஆடுமே நூல்கால் சிலந்தி, அதற்கும் பயப்பட வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு வேறொரு பூச்சி மேல்தான் சந்தேகம். எறும்பைப் போல நீளமாக, ஆரஞ்சும் கறுப்புமாக, ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஒரு வண்டு. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்வதைத் தூக்கத்தில் தேய்த்துவிட்டால், அதன் உடலிலுள்ள பெடரின் என்ற நச்சு தேய்த்த வழியெல்லாம் தோலைப் பொசுக்கும். அதுவும் உடனே தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் எரியும். அதற்குள் வண்டு போயிருக்கும், சுவரில் இருக்கிற சிலந்தி மாட்டிக்கொள்ளும்!

அக்கி வேறு. அது வைரஸால் வருவது. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பெரும்பாலும் முதலில் வலி, அப்புறம் கொத்தாகக் கொப்புளம். அதற்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அக்கி எழுதுகிறோம் என்று காவி பூசினால் அந்த நேரம்தான் வீணாகும். எனவே இன்றே ஒரு மருத்துவரிடம் கழுத்தைக் காட்டச் சொல்லுங்கள். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது.

சிலந்தியை டம்ளரால் மூடி, அடியில் ஓர் அட்டையைச் செருகி வெளியே விட்டுவிடலாம். மருந்து அடித்தால் அது தரையில் படியும்; குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள், படுக்கையருகே விளக்கை அணையுங்கள். உடம்பில் வண்டு ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.