மூக்குத்தி ஓரத்தில் முளைத்த கட்டி

கேள்வி: எனக்கு வயது 26. காரைக்குடியில் இருக்கிறேன். ஐப்பசிக் கடைசியில் ஆசாரியிடம் வலது மூக்கைக் குத்திக்கொண்டேன். எட்டு வாரம் ஆகிறது. மூன்றாவது வாரத்தில் முகம் துடைக்கும்போது துண்டு மாட்டி இழுத்தது. அதற்குப் பிறகு துளையின் ஓரத்தில் மிளகளவு சிவந்த கட்டி ஒன்று வந்து, வற்றுவதும் வீங்குவதுமாக இருக்கிறது. ஆயா (பாட்டி) சொன்னபடி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவி, காலையும் மாலையும் மூக்குத்தியைத் திருகி விடுகிறேன். தோழி சொன்ன டீ ட்ரீ ஆயில், மருந்துக்கடையில் கொடுத்த களிம்பு எதுவும் பலன் தரவில்லை. மாசியில் அக்காவுக்குத் திருப்பூட்டு (தாலி கட்டும் திருமணச் சடங்கு). அன்று ஆயாவின் ஏழுகல் வைர மூக்குத்தியை நான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. இது கெலாய்டாக இருக்குமோ என்று அம்மா பயப்படுகிறார். கழற்றிவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மூக்குத்தியை இப்போது கழற்ற வேண்டாம். எட்டு வாரத் துளை என்பது இன்னும் ஆறி முடியாத புண். கழற்றினால் சில மணி நேரத்திலேயே அது சுருங்கத் தொடங்கும். மறுபடி நுழைக்கப் போய், ஆறிய பகுதியையும் கிழித்துக்கொள்வீர்கள். குத்திய மூன்றாம் வாரத்திலேயே கட்டி வந்தது, துண்டு இழுத்த பிறகு வந்தது, வற்றுவதும் வீங்குவதுமாக இருப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விவரங்களும், இது கெலாய்டு (அளவுமீறி வளரும் தழும்பு) அன்று, உறுத்தலால் வந்த கட்டி என்றே காட்டுகின்றன. நேரில் பார்க்காமல் எழுதுவதால், எந்த அறிகுறி கண்டால் மருத்துவரிடம் உடனே போக வேண்டும் என்பதையும் பின்னால் சொல்கிறேன். அந்தப் பகுதியை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மூக்கைக் குத்தியவுடன் உடம்பு செய்யும் வேலை என்ன என்று தெரிந்தால், கட்டி ஏன் வந்தது என்பது விளங்கும். வெளித்தோலிலிருந்தும் மூக்கின் உட்புறச் சவ்விலிருந்தும் புதுத் தோல் மெல்ல வளர்ந்து, தண்டைச் சுற்றி ஒரு குழாய்போல் படிய வேண்டும். ஆறுவது வெளியிலிருந்து உள்நோக்கி நடப்பதால், மேலே பார்க்கும்போது ஆறியதுபோல் தோன்றினாலும் நடுவில் பச்சைப் புண்ணாகவே இருக்கும். மூக்கு மடலில் இந்த வேலை முடிய 4 முதல் 6 மாதம் ஆகும். சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். அந்த இளந்தோல் அசைவாலோ அழுத்தத்தாலோ மறுபடி மறுபடி உரசுப்பட்டால், உடம்பு அதை ஈடுகட்டத் தேவைக்கு மேல் இரத்தக் குழாய்களையும் சதையையும் அங்கே வளர்த்துவிடுகிறது. நீங்கள் கண்ணாடியில் பார்க்கும் கட்டி அதுதான். ஆகவே, கட்டியின் மேல் என்ன தடவுவது என்று தேடுவதைவிட, உள்ளே எது உரசுகிறது என்று தேடுவதே சரியான வழி.

தேவகோட்டையிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் இதே குறையோடு என்னிடம் வந்திருந்தார். அவருடைய மூக்குத்தியைக் கழற்ற வேண்டிய நிலை இருந்ததால் கழற்றி, லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். தண்டில் மேலிருந்து கீழ்வரை மரை வெட்டியிருந்தது. மரைகளின் இடுக்கில் மஞ்சள் பொடி எண்ணெயோடு கெட்டியாக உறைந்து கிடந்தது; அதற்குள் துண்டின் வெள்ளை நூலிழை ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அந்தத் தண்டு நாளுக்கு இரண்டு முறை புண்ணுக்குள் அரம்போல் சுழன்றிருக்கிறது. அந்தப் பெண் செய்யாத வைத்தியமில்லை. எல்லாவற்றையும் அக்கறையோடுதான் செய்திருந்தார்.

எனவே, இன்றே நிறுத்த வேண்டிய முதல் காரியம் திருகி விடுவது. ‘திருகாவிட்டால் சதையோடு ஒட்டிக்கொள்ளும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வழவழப்பான உலோகத்தோடு தோல் ஒட்டி வளர்வதில்லை. புண்ணிலிருந்து கசியும் வெளிர்மஞ்சள் நீர் காய்ந்து தண்டைப் பிடித்துக்கொள்வதைத்தான் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறோம். அது சீழ் அன்று. ஆறும் புண்ணில் இயல்பாக வருவது. தண்ணீரில் நனைத்தால் தானே கரைந்துவிடும். காய்ந்த நிலையில் தண்டைச் சுழற்றினால், அந்தப் பொருக்கு இளந்தோலை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். அமெரிக்காவிலுள்ள தொழில்முறைத் துளையிடுவோர் சங்கத்தின் பராமரிப்புக் குறிப்பும் புதுத் துளையில் நகையைச் சுழற்றக் கூடாது என்றே சொல்கிறது.

அடுத்தது மஞ்சளும் எண்ணெயும். ஆயாவின் வைத்தியத்தைக் குறை சொல்வதாக அவர் எண்ணிவிடக் கூடாது. மஞ்சளுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணம் உண்டு. ஆனால் சமையலறைப் பொடி கிருமி நீக்கப்பட்டது அன்று, அதன் துகள்கள் துளைக்குள் போனால் மணல்போல் தங்கி உறுத்தும், மேலே பூசிய எண்ணெய் கசிவை வெளியேற விடாமல் மூடிவிடும். வேப்பங்குச்சி செருகுவதும் இந்த வகையில்தான் சேரும். டீ ட்ரீ ஆயில் தோலை வறட்டி எரிச்சலூட்டுவதோடு சிலருக்கு ஒவ்வாமையையும் தரும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் போன்றவை கிருமியோடு சேர்த்துப் புதுத் தோலையும் அழித்துவிடும்.

மருந்துக்கடைக் களிம்பைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. நம் ஊர்களில் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கப்படும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. குழாயின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்பது போன்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போட்ட மூன்றாம் நாள் சிவப்பு அடங்கியதுபோல் தெரியும். ஆனால் தொடர்ந்து முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, பரு வந்து, நிறுத்தும்போதெல்லாம் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும். புண் ஆறுவதையும் அது தாமதப்படுத்தும். சில நாள் மட்டும் போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் போட்டிருந்தால், நிறுத்துவதற்கு முன் தோல் மருத்துவரிடம் குழாயையே எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இத்தனையையும் நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியது மிக எளியது. மருந்துக்கடையில் 0.9 விழுக்காடு நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) கிடைக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சுத்தமான காஸ் துணியை அதில் நனைத்து, மூக்குத்தியின் வெளிப்புறமும் உட்புறமும் ஐந்து நிமிடம் அழுத்தாமல் வைத்திருங்கள். பொருக்கு தானாக இளகி வந்தால் மெல்ல எடுத்துவிடலாம். வராவிட்டால் நகத்தால் நோண்டாமல் அடுத்த வேளைக்கு விட்டுவிடுங்கள். பிறகு வேறொரு காஸால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை போதும். அதற்கு மேல் செய்தால் தோல் ஊறி, அதுவே இன்னொரு உறுத்தலாகும். பஞ்சு வேண்டாம், இழை மாட்டிக்கொள்ளும். சலைன் கிடைக்காத நாளில், 250 மில்லி கொதித்து ஆறிய தண்ணீரில் அயோடின் சேர்க்காத உப்பைக் கால் டீஸ்பூன் கரைத்து அன்றைக்கன்றே பயன்படுத்தலாம். உப்பு கூடினால் சீக்கிரம் ஆறும் என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள். கடும் உப்புநீர் புண்ணை எரித்துவிடும்.

இனி மூக்குத்தியைப் பார்ப்போம். அது எந்த உலோகம் என்று நீங்கள் எழுதவில்லை. கவரிங்காக இருந்தால் கட்டிக்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கலாம். முலாம் தேய்ந்தால் உள்ளிருக்கும் உலோகம் புண்ணில் படும்; அதில் நிக்கல் இருந்து உங்களுக்கு ஒவ்வாமையும் இருந்தால், வலியைவிட அரிப்பும் நீர்க்கசிவும் முன்னால் நிற்கும். 916 முத்திரையிட்ட 22 காரட் தங்கத்தில் 91.6 விழுக்காடு தங்கம். மீதியில் பெரும்பாலும் வெள்ளியும் செம்பும் இருக்கும். ஒவ்வாமை அதில் குறைவு. ஆனால் அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்குத்தான் சான்று, தண்டு வழவழப்பாக இருக்கிறது என்பதற்கு அன்று. 22 காரட் மென்மையானது என்பதால் கீறலும் எளிதில் விழும். ஆறாத துளைக்கு மிகப் பொருத்தமானது, உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம், ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 என்பது அதற்குரிய தரக்குறியீடு. தண்டில் மரை இல்லாமல், உட்புறம் தட்டையான வட்டு வைத்ததாகக் கேளுங்கள்.

நீளமும் முக்கியம். குத்தும்போது வீக்கத்துக்கு இடம் விட்டுச் சற்று நீளமான தண்டு போடுவது வழக்கம். வீக்கம் வடிந்த பிறகும் அதே தண்டு இருந்தால், சிரிக்கும்போதும் மூக்கைச் சிந்தும்போதும் அது ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டிருக்கும். மாறாக, விழுந்துவிடுமோ என்று பயந்து திருகை இறுக்கிவிட்டால் மடல் நசுங்கும். மூக்குத்தியின் பூவுக்கும் (வெளியே தெரியும் முகப்புக்கும்) தோலுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். தண்டை மாற்ற வேண்டியிருந்தால் நீங்களே முயலாதீர்கள். மருத்துவரோ, கிருமி நீக்கிய கருவியோடு துளையிடுவதில் பயிற்சி பெற்றவரோ, பழையதை எடுக்கும் அதே நொடியில் புதியதைச் செலுத்தி மாற்ற வேண்டும்.

வலப்பக்கம் படுத்து உறங்கும் பழக்கம் இருந்தால், பயணத்தில் கழுத்துக்கு வைக்கும் வளையத் தலையணையில் காதும் கன்னமும் குழியில் விழும்படி படுங்கள். முகத்தைத் துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். கிரீம், பவுடர் எதுவும் துளைக்கு ஒரு விரலளவு தள்ளியே இருக்கட்டும். உரசல் நின்றால் இரண்டு வாரத்தில் சிவப்புக் குறையத் தொடங்கும்; கட்டி தட்டையாக ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். கெலாய்டு பெரும்பாலும் குத்திச் சில மாதம் கழித்தே தலைகாட்டும், ரப்பர்போல் இறுகியிருக்கும், புண்ணின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் பரவும், வற்றாமல் வளர்ந்துகொண்டே போகும். குடும்பவாகாகவும் வரும். உங்கள் காதுகுத்தின் தழும்பையும், தோளில் பி.சி.ஜி. ஊசி போட்ட தழும்பையும் தொட்டுப் பாருங்கள். அவை தட்டையாக இருந்தால் அம்மா ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். புடைத்து, அரிப்போடு இருந்தால், காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். கெலாய்டுக்கும் தொடக்கத்திலேயே ஊசி மருந்து போட்டு அடக்கும் சிகிச்சை உண்டு. தொட்டாலே இரத்தம் வழிகிற, ஈரமான செஞ்சதையாக இருந்தால் அது வேறு வகை. அதை மருத்துவர் சிறு சிகிச்சையில் அகற்றிவிடுவார். எதுவானாலும் நூல் கட்டி இறுக்குவது, கிள்ளி எடுப்பது, சுண்ணாம்பு வைப்பது கூடவே கூடாது.

உடனே போக வேண்டிய அறிகுறிகள்: வலி நாளுக்கு நாள் கூடித் துடிப்பது, சிவப்பும் சூடும் கன்னத்துக்கோ மேலுதட்டுக்கோ பரவுவது, நாற்றமுள்ள மஞ்சள் அல்லது பச்சைச் சீழ், காய்ச்சல், பூ தோலுக்குள் புதைவது. இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் கண் வழியாக மூளையை ஒட்டிய குழாய்களோடு தொடர்புடையவை. அதனால் அங்கே கட்டியைப் பிதுக்குவது ஆபத்து. சீழ் இருக்கும்போது நீங்களாக மூக்குத்தியைக் கழற்றினால் துளை மூடி, சீழ் உள்ளேயே தங்கிவிடக்கூடும். கழற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். குத்தும்போது டெட்டனஸ் ஊசி போடாமலிருந்து, முன்பு போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூட்டு அன்று ஏழுகல் மூக்குத்தி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம். அதன் பூ கனமானது, கல்லின் பின்புறம் மூடியிருக்கும்படி பதித்திருந்தால் பல ஆண்டு அழுக்கு அடைந்திருக்கும், தண்டு தடித்திருப்பதும் உண்டு. அரக்கு வைத்த பழைய நகையைக் கொதிநீரிலிட்டுக் கிருமி நீக்கவும் முடியாது. மூன்றரை மாதப் புண்ணில் அதை ஒரு முகூர்த்த நேரம் போட்டால்கூட, இதுவரை ஆறியது கிழிந்து முதலிலிருந்து தொடங்க நேரும். அன்று சிறிய மூக்குத்தியே இருக்கட்டும். ஆயாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டி, அவர் மூக்குக் குத்தி எத்தனை மாதம் கழித்து வைர மூக்குத்தி போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். வைகாசி முடிவதற்குள் கட்டி முழுதும் மறைந்து, தொடர்ந்து ஒரு மாதம் வலியோ பொருக்கோ கசிவோ இல்லையென்றால், அவரையே கூட்டிக்கொண்டு நம்பிக்கையான ஆசாரியிடம் போய், ஏழுகல்லின் பின்புறத்தைச் சுத்தம் செய்து, தண்டை மெல்லியதாக, மரையில்லாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.